ரேகை தேய்ந்த விரல்

என் தங்கை போராடி ஜெயித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டாம் மாதத்தில் பிறந்து, தேறாது என்று டாக்டர் கைவிரித்த பிறகும் தேறினாள். ஆண்களே வேலை பார்த்த ஓட்டல் சலவைக்கூடத்தில் இஸ்திரி இயந்திரத்துக்குப் பொறுப்பாளி ஆனாள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள், மகளைப் பத்தாவது வரை கொண்டுவந்தாள். கடைசியாக, ஒரு துப்பாக்கியை வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்தாள். அதற்கு அவள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் கணவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். ஒரு மத்தியானம் இரண்டு பேர் கடைக்குள் நுழைந்து, கத்தியைக் காட்டி, பதினொரு கைக்கடிகாரங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கதவு தட்டினாலே அவருக்குத் தூக்கிவாரிப்போடும். துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டார்.

"போலீஸ் வர்றதுக்குள்ள என் கழுத்து போயிடும் அக்கா. நம்மள நாமதான் காப்பாத்திக்கணும்" என்றார் என்னிடம்.

அவர் பயம் பொய்யில்லை. ஆனால் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். டம்ளர், செருப்பு, ஒருமுறை சுவர்க்கடிகாரம்.

"டம்ளர எறிஞ்சா பெருக்கித் தள்ளிடுவேன்க்கா. குண்ட எப்படிப் பெருக்குறது?" என்றாள் தங்கை.

வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரும் சம்மதித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால்தான் உரிமம் கிடைக்கும். அவள் முடியாது என்றுவிட்டாள். அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம். மூன்று வாரம் கழித்து, துப்பாக்கியை வைக்கப்போகும் பீரோவுக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு காவலர் வந்தார். மனுவில் அவள் கைநாட்டு இருக்கிறது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

மறுநாள் இருவரும் உரிம அலுவலகத்துக்குப் போனோம். மூன்றாம் ஜன்னலில் ஏழுக்குப் போகச் சொன்னார்கள். ஏழில் மூன்றுக்கே அனுப்பினார்கள். ஒரு வழியாகக் குமாஸ்தா மனுவை எடுத்துக் காட்டினார். நீல மையில் பளிச்சென்ற கைநாட்டு. ஒவ்வொரு ரேகையையும் எண்ணிவிடலாம்.

"இது என்னோடது இல்ல சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எழுதிக் குடுத்து, கீழ கைநாட்டு வைங்க."

நான் எழுதினேன். அவள் வைத்தாள். வெறும் மை அப்பியது. மூன்று முறை வைத்தும் அதே கதை. பதினாறு வருட நீராவியும் சலவைச் சோடாவும் ரேகையைத் தின்றிருந்தன.

"என்னம்மா, மை கொட்டுன மாதிரி இருக்கு? ரேகை தெரியணும்."

"விரல்லயே இல்லாத ரேகை அந்தப் பேப்பர்ல மட்டும் எப்படி சார் வந்துது?"

குமாஸ்தா மனுவையும் அவள் விரலையும் மாறி மாறிப் பார்த்தார். "நியாயந்தாம்மா. அதையும் எழுதிக் குடுங்க. கீழ கைநாட்டு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, "இல்ல, கையெழுத்து. அடுத்த செவ்வாய் அதிகாரி முடிவு பண்ணிடுவார், அதுக்குள்ள" என்று ஜன்னலைச் சாத்தினார். சாப்பாட்டு நேரமாம்! பொய்க் கைநாட்டுக்குக் கேள்வியே இல்லை, நிஜ விரலுக்கு நூறு கேள்வி.

அன்று சாயங்காலம் கணவர் ஒப்புக்கொண்டார். "என் கட்டைவிரல்தான். உன்னையும் சேர்த்துக் காப்பாத்தத்தானே வெச்சேன்?"

"என்னக் கேக்காம கைநாட்டு வெச்சீங்க. சுடும்போது மட்டும் கேப்பீங்களா?"

 அவர் மனுவைத் திரும்ப வாங்கவில்லை.

சலவைக்கூடச் சட்டையில் அவள் பெயரைத் தைத்திருந்தார்கள். அந்தச் சட்டையை மேசையில் விரித்து, பார்த்துப் பார்த்துத் தன் பெயரை எழுதிப் பழகினாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "நீ ஸ்கூலுக்குப் போனது போதும், இங்க டீச்சர் வேல காட்டாத" என்று தட்டிவிட்டாள். வேலையிடத்தில் ஆவி படிந்த கண்ணாடி முழுக்க அவள் பெயர்தான்.

மனு தள்ளுபடி என்று கடிதம் வர ஐந்து மாதம் ஆனது. அந்தப் பொய்க் கைநாட்டைப் பற்றி அவள் கணவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தக் கடிதத்தைத் தங்கை எங்கே போட்டாளோ தெரியாது. தான் கொடுத்த ஆட்சேபத்தின் நகலைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறாள். கையெழுத்தில் கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் தேதி: 17.3.2015, செவ்வாய்க்கிழமை.