நீல டிரம்மில் சிவந்த அரிசி

உலையில் போட அரிசி எடுக்கும்போதெல்லாம் லீலாபாய் அக்கா முதல் பிடியைத் தகர டப்பாவில் போட்டுவிடுவாள். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இந்தப் பிடியரிசி உண்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்ப் பெண்கள் சங்கத்தின் நீல டிரம்மில் தட்டுவோம். நாங்களெல்லாம் ரேஷன் அரிசி போடுவோம். அவள் மட்டும் சிவந்த சம்பா அரிசி.

"ஆண்டவருக்கு ஒரு அரிசி, எனக்கு ஒரு அரிசியா?" என்பாள்.

அவள் பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். வேலாயுதன் அண்ணனைக் கட்டி விதுராவுக்கு இறங்கி வந்தபோது இங்கே ஒருவரையும் தெரியாது. கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனது சங்கத் தலைவி ரத்னாபாய் அக்காதான். முதல் டப்பாவைக் கொடுத்ததும் அவள்தான்.

"நம்ம சபையில அடுப்பெரியாத வீடு இருக்கப்படாது பிள்ளே. அதுக்குத்தான் இது" என்றாள். நான் அடுத்த வீடு. கேட்டுக்கொண்டு நின்றேன்.

போன ஜூன் மாத இடவப்பாதி மழையில் ரப்பர் வெட்டப்போன அண்ணன் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் வேண்டும். ஓட்டலில் காய் நறுக்கும் வேலையை அக்கா விட்டாள். சம்பா வாங்க வழியில்லை; ரேஷன் அரிசியும் மாதம் முடியும் முன்பே தீர்ந்தது. நான் கொண்டுபோன கஞ்சியை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டு, தானும் குடித்ததாகச் சொன்னாள். பாத்திரத்தைப் பார்த்தால் தெரியாதா?

கடைசியில் ரத்னாபாய் அக்கா வீட்டுக்குப் போய்க் கேட்க என்னையும் துணைக்கு அழைத்தாள்.

"அக்கா, டிரம்மிலேருந்து கொஞ்சம் அரிசி வேணும்."

"அது அறுப்புப் பண்டிகையில ஏலம் விட்டுக் கோயிலுக்குப் பணம் சேர்க்க உள்ளதல்லே? இந்த வருஷம் எல்லா சபையையும் விட நம்ம சங்கம் முன்னாலே நிக்கணும்."

"அடுப்பெரியாத வீட்டுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"உனக்கென்ன பிள்ளே, ஓட்டல் சாப்பாடு உண்டுல்லா!" என்று சிரித்தாள். வேலையை விட்டது அவளுக்குத் தெரியும். கோயிலில் டிரம் இருக்கும் அறையின் சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது.

திரும்பும் வழியில் லீலாபாய் அக்கா ஒன்றுதான் சொன்னாள். "இவளுக்கு இப்படிச் சொல்ல வாய் வந்ததே."

அந்த வாரப் பெண்கள் கூட்டத்தில் புதிதாக வந்த பிபின் பாஸ்டர் ஒரு எபிரெயச் சொல்லை விளக்கினார். 'ஆட்சர்' என்றால் சேர்த்துக் குவித்து வைப்பது. அதிலிருந்து வந்த 'ஓட்சார்' ராஜாவின் பொக்கிஷத்துக்கும் பெயர், ஆலயத்துத் தானிய அறைக்கும் பெயர்.

பின்வரிசையிலிருந்து ஷிஜா, "அப்போ ரத்னாபாய் அக்காவுக்க டிரம்மும் ஓட்சார்தானா பாஸ்டரே?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பாஸ்டரும் சிரித்தார். "ஆமா. தானியத்தைச் சேர்த்து வைக்கச் சொன்னது ஆலயத்து ஊழியக்காரரும் விதவையும் அந்நியனும் சாப்பிடத்தான். சாப்பிடக் கொடுக்காம கொள்ளையைக் குவிச்சு வைச்சவங்களைத் தீர்க்கதரிசிகள் திட்டினப்பவும் அதே சொல்தான்."

லீலாபாய் அக்கா எழுந்தாள். கூட்டத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

"அறையைத் திறங்க அக்கா."

பாஸ்டர் புரியாமல் விழித்தார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததால் ரத்னாபாய் அக்காவால் திறக்காமல் இருக்க முடியவில்லை.

மூடியை எடுத்ததும் முடைவாடை அடித்தது. வண்டுகள் டிரம்மின் ஓரத்தில் ஏறின. அடியில் அரிசி கட்டி கட்டியாக இறுகியிருந்தது. போன வருஷ அரிசியில் பாதியை ஏலத்துக்கே அனுப்பாமல், இந்த வருஷக் குவியல் பெரிதாகத் தெரிய ரத்னாபாய் அக்கா பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வெள்ளை அரிசிக்கு நடுவே சிவந்த மணிகள் தெரிந்தன. அவை யார் வீட்டு மணிகள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"மழை ஈரம்..." என்றாள் ரத்னாபாய் அக்கா.

அன்று சாயங்காலமே ஒரு பை அரிசியோடு அவள் லீலாபாய் அக்கா வாசலுக்கு வந்தாள்.

"டிரம்மில உள்ளதா?"

"அய்யோ, இல்லே. கடையில வாங்கின நல்ல அரிசி."

"அப்போ கொண்டு போங்க. நான் உங்ககிட்ட தர்மம் கேக்கல. எனக்க அரிசியைத்தான் கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணியடித்தபோது லீலாபாய் அக்கா உள்ளே வரவில்லை. கூட்டத்தன்றே பாஸ்டர் வாங்கி வைத்துக்கொண்ட சாவியை அவரிடம் கேட்டு வாங்கி, டிரம்மைக் கோயில் முற்றத்துக்கு உருட்டிவந்து, முறத்தோடு உட்கார்ந்து கட்டிகளை உடைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். தூசியும் வண்டும் பறந்தன. உள்ளே போகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"எழும்பு பிள்ளே, ஆளுங்க பாக்குறாங்க" என்றாள் ரத்னாபாய் அக்கா.

லீலாபாய் அக்கா நிமிரவில்லை. முறத்தின் ஓரத்தில் சிவந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்தாள்.