நாற்பதாவது தோல்

மற்றவனுடைய வலியை ஒருவன் குறைத்துவிட்டால் அதன் லாபம் யாருக்குப் போய்ச் சேரும்? வலித்தவனுக்கா, அவனை வேலை வாங்குகிறவனுக்கா? சூசைராஜின் வாழ்க்கை இந்தக் கேள்வியின் மேல்தான் நின்றது. அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், அவர் பதினெட்டு வருடம் சவ்வு எடுத்தார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலைச் சாய்வான மரக்கட்டையின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் குனிந்தபடி வழிக்கும் வேலை. வரிசையில் எட்டுப் பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது தோல். இடுப்பு பிடித்துக்கொண்டால் அதை வாய்வு என்றார்கள். பூண்டைச் சுட்டுத் தின்றுவிட்டு, ஈரத்துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடியும் குனிந்தார்கள். நடுவில் நிமிர்ந்தால் வாய்வு நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று எல்லாருமே நம்பினார்கள். அதனால் காலையில் குனிந்தவர்கள் சோற்றுக்குச் சங்கு ஊதும்வரை நிமிரவே மாட்டார்கள்.

1957 டிசம்பரில் கிறிஸ்துமஸ் வருவதற்கு முன் சூசைராஜ் மாதா கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போனார். மூன்று நாள் ஏணியில் நின்று, கைகளைத் தூக்கி, அண்ணாந்து முகட்டுக்கு அடித்தார். அந்த மூன்று நாளும் இடுப்பு வலிக்கவில்லை. மாதாவின் அருள் என்றார்கள். அவருக்கும் பக்தி உண்டு. ஆனால் ஷாப்புக்குத் திரும்பியதும் வலியும் திரும்பியபோது, மாதா ஏன் மூன்று நாளோடு நிறுத்திக்கொண்டார் என்று அவருக்கு யோசனை ஓடியது.

ஜனவரியில் தொடங்கினார். ஐந்து தோல் முடிந்ததும் கத்தியைக் கீழே வைப்பார். துண்டை அவிழ்ப்பார். முகட்டைத் தொடுவதுபோல் கைகளை உயர்த்தி, பின்பக்கம் சாய்ந்து, பத்து வரை எண்ணுவார். வரிசை சிரித்தது.

“என்ன மாப்ள, முகட்டுக்கு வெள்ளையா? அந்த மூலையில திட்டுத்திட்டா இருக்கு பாரு,” என்றார் அடுத்த கட்டையில் நின்ற இருதயநாதன். சூசைராஜின் மனைவி ஜெயமேரியின் அண்ணன்; அவருக்கு மைத்துனர். ஐம்பது வயது. வரிசையிலேயே மெதுவான கை. நாற்பதை முடிக்க முடியாமல் எந்த வாரமும் வீட்டுக்கு அனுப்பப்படலாம் என்ற நிலையில் இருந்தார். கேலி செய்த அவர்தான் முதலில் கைகளைத் தூக்கியவரும். வாய்வு ஏறவில்லை. பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள்.

மேஸ்திரி அப்பாஸ் பொல்லாதவர் அல்ல, பயந்தவர். எட்டுப் பேர் கத்தியைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கி நிற்பது முதலாளியின் அறையிலிருந்து எப்படித் தெரியும் என்பதுதான் அவர் கவலை. ஈஸ்டர் வரை விட்டுப் பாருங்கள் என்று சூசைராஜ் கேட்டுக்கொண்டார்.

“விடுறேன்,” என்றார் அப்பாஸ். “நாப்பதுல ஒண்ணு குறைஞ்சாலும் நீ வேலைய விட்டு நின்னுக்கணும், சூசை. சொல்லிப்புட்டேன்.”

சூசைராஜ் சம்மதித்தார். முதல் இரண்டு வாரம் சோற்று நேரத்தில் பாதியைக் கடித்துத்தான் நாற்பதை எட்டினார்கள். மார்ச்சில் நிலைமை மாறியது. சாயங்காலச் சங்குக்கு அரைமணி முன்னதாகவே எட்டுப் பேரும் முடித்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இருதயநாதனும் உட்கார்ந்தார். இடுப்பில் துண்டு இல்லாமல் அவரை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

முதலாளி அதைப் பார்த்தார். நேரம் மிஞ்சுகிறது என்றால் தோலையும் கூட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிற்றுக்கு மறுநாள் சூசைராஜின் வேலையை நேரில் எண்ணுவது, சங்கு ஊதும்வரை அவர் எத்தனை முடிக்கிறாரோ அதுவே இனி எல்லாருக்கும் கணக்கு என்று உத்தரவு வந்தது. நாற்பதில் ஒன்று குறைந்தாலும் அவர் வேலையை விட்டு நிற்க வேண்டும் என்ற பழைய பேச்சு அப்படியே இருந்தது. ஒழுங்காகச் செய்தால் சூசைராஜுக்கு நாற்பத்தைந்து வரும். வரிசையில் எல்லாருக்கும் அது தெரியும்.

ஞாயிறன்று கோயிலில் வாங்கிய குருத்தோலையோடு இருதயநாதன் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“ஒன்னைய நம்பித்தான் மாப்ள நிமுந்தேன். நாப்பத்தஞ்சுன்னா எனக்கு ஏலாது. பேசாம கூனாவே கெடந்திருக்கலாம்.”

இருதயநாதன் போனபின் ஜெயமேரி கணவரிடம், சரியாக நாற்பதில் நிற்கும்படி கையை மெதுவாக ஓட்டச் சொன்னாள். வேலையும் தங்கும், அண்ணனும் பிழைப்பார். சரியான யோசனைதான். சூசைராஜ் தலையாட்டினார்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்கு நாற்பதைத் தாண்டவில்லை. கணக்கைக் கூட்டும் பேச்சை அப்பாஸ் மறுபடி எடுக்கவும் இல்லை. ஐந்து தோலுக்கு ஒருமுறை கை தூக்குவது, முதலாளி இல்லாத வேளைகளில், தொடர்ந்தது. இருதயநாதன் இன்னும் ஆறு வருடம் கட்டையில் நின்றார். சூசைராஜ் தாடிக்கொம்பிலும் சின்னாளப்பட்டியிலும் வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தார். மழைக்காலத்தில் அடுப்பு எரியாத நாட்கள் உண்டு. அவர் ஷாப்பை விட்டதைத் தியாகம் என்று சொல்ல எளிது. நாற்பதில் நின்றிருந்தால் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை என்பதால் அந்தச் சொல் சரியாகப் பொருந்தவில்லை. வீம்பு என்றாலும் பொருந்தவில்லை. அவர் யாரிடமும் அதைப் பெருமையாகப் பேசியதில்லை.

திங்களன்று முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கத்தி வழிக்கும் சத்தம் மட்டும். ஒவ்வொரு ஐந்துக்கும் சூசைராஜ் வழக்கம்போலக் கைகளை உயர்த்தினார். முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்கு முப்பத்திரண்டு. இருதயநாதன் தன் தோலை விட்டுவிட்டு மைத்துனர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலரைக்கு முப்பத்தொன்பது. சங்குக்கு இன்னும் அரைமணி. நாற்பதாவது தோலைத் தொட்டியிலிருந்து தூக்கிக் கட்டையில் விரித்தார், சுருக்கம் நீவினார். கத்தியை எடுத்தார்.

எடுத்தவர், நாற்பதாவதை எண்ணக் காத்திருந்த முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். கத்தியைத் தண்ணீரில் அலசிச் சுவரோரம் சாத்தினார். விரித்த தோலை மடித்துத் தொட்டியிலேயே திரும்பப் போட்டார். ஐந்து முடியாமலேயே கைகளை முகட்டை நோக்கி உயர்த்தி, பின்னால் சாய்ந்து, நிதானமாகப் பத்து எண்ணினார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.