பஸ்ஸில் வந்த மாத்திரை

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் வெள்ளகோவிலில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். கணவர் மாடு வாங்க அந்தியூர்ச் சந்தைக்குப் போயிருந்தார். போனால் போனதுதான். அவராகத் திரும்பி வந்து வாசலில் நிற்கிற வரைக்கும் ஒரு தகவலும் இருக்காது.

எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுக்கு வலிப்பு வரும். கோயமுத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் ராத்திரியும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். முன்பு ஒருமுறை தவறிப்போய், பிள்ளைக்குக் கண் செருகியதைப் பார்த்தவள் நான்.

அன்று மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். மகள் மாத்திரை டப்பாவை எப்படியோ திறந்து, அத்தனையையும் ஒரு சொம்புத் தண்ணீரில் கொட்டிக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தாள். "பால் காச்சறம்மா" என்றாள். வாயில் போட்டுக்கொண்டாளா என்றுதான் முதலில் பார்த்தேன். நல்லவேளை, இல்லை. ஆனால் ராத்திரிக்குக் கொடுக்க ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை.

எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கேட்டேன். "இது இங்கெல்லாம் வராதுங்க. கோயமுத்தூர்தான் போகோணும்" என்றார்கள். போயிருப்பேன். ஆனால் பிள்ளைக்கு அன்று சளி, உடம்பு லேசாகச் சுட்டது. காய்ச்சலோடு இருக்கும்போதுதான் வலிப்பு சீக்கிரம் வரும். அவளைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய்வரவும் பயம், விட்டுவிட்டுப் போகவும் பயம்.

என் அண்ணன் கோயமுத்தூரில் இரும்பு வார்க்கிற ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தார். அங்கே ஆபீசில் மட்டும் ஒரு போன். பிள்ளையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். போனை எடுத்தவர், "இருங்க, ஆளைக் கூப்பிட்டு வரோணும்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். உள்ளே இயந்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை பேரைச் சொன்னால் அந்தப் பக்கம் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் டப்பாவைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக, "ஈரோட்டுக்கு வர்ற ஈ, கோபிக்கு வர்ற ஜி, பல்லடத்துக்கு வர்ற பி" என்று கத்தினேன். பூத்துக்கு வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள்.

அரை நாள் லீவு சொல்லி மாத்திரையை வாங்கிவிட்டு அண்ணன் பூத்துக்கே போன் செய்தார். "கரூர் போற பஸ்ஸுல கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டேன் கண்ணு. பச்சை பஸ். பொழுது எறங்கறதுக்குள்ள வந்துரும். நீ பயந்துக்காத." பஸ்ஸில் இப்படிக் கொடுத்துவிடுவது அன்று எல்லோரும் செய்கிற காரியம்தான். பூ வரும், பாத்திரம் வரும், மோட்டார் சாமான் வரும். கண்டக்டர் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொண்டேன். வெயில் சாய்ந்தது. ஈரோடு பஸ் வந்தது, தாராபுரம் பஸ் வந்தது, பச்சை பஸ் மட்டும் வரவில்லை. கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வந்த வேறொரு கரூர் பஸ்ஸின் கண்டக்டரிடம், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு விசாரித்தேன்.

"அந்த வண்டி பல்லடத்துல பிரேக்டவுன் ஆயி நிக்குதுங்க. ஆளுகளை எல்லாம் இதுலதான் ஏத்தி உட்டாங்க. பார்சலைப் பத்தித் தெரியலீங்களே" என்றார்.

அண்ணனுக்குச் சொல்லிவிடலாம் என்று பூத்துக்கு ஓடினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஆபீசைப் பூட்டிவிட்டார்கள்போல, யாரும் எடுக்கவில்லை. மறுபடி நம்பரைப் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ராத்திரி அவளுக்கு வலிப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த வண்டியைப் பிடிப்பது என்று மனம் எங்கெங்கோ போனது.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் கேட்டது.

"ஏனுங்க, கொழந்தை மாத்திரைப் பார்சல் ஆருதுங்க?"

ரிசீவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வெள்ளைச் சட்டை, தொப்பி, நரைத்த தாடி. ஐம்பது வயதிருக்கும் ஒரு பாய். ஒரு கையில் ஜவுளிப் பை. மற்றொரு கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம் ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, டீக்கடை, பூக்கடை என்று ஒவ்வோர் இடமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் ஜன்னலைப் பிடித்துக் கேட்டேனே, அதே பஸ்ஸின் பின்படியில்தான் அவர் இறங்கியிருக்கிறார்.

"பல்லடத்துல அந்தக் கண்டக்டர் இதைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சுட்டு நின்னாருங்க. நாந்தான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார். அவர் போகவேண்டியது கரூருக்கு. அவரை இறக்கிவிட்ட பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

"டீக்கடையில குடுத்துட்டு அதே பஸ்ஸுல போயிருக்கலாமேங்க" என்றேன். அழுகையில் என் குரலே எனக்குப் புரியவில்லை.

"கொழந்தைக்குன்னு மேல எழுதியிருக்குது அம்மணி. வியாபார மும்முரத்துல அவங்க மறந்துபோட்டாங்கன்னா? நீங்க போயி மொதல்ல புள்ளைக்குக் குடுங்க."

"இருங்க, இப்ப வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். மகள் அக்காவின் மடியில் முனகிக்கொண்டு கிடந்தாள். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்தாள், பிறகு விழுங்கிவிட்டாள். அவள் தூங்கும்வரை தட்டிக்கொடுத்துவிட்டு, அக்கா கட்டிக் கொடுத்த நான்கு இட்லியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் போயிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. பூக்காரம்மாவின் பெட்டிக்குப் பக்கத்தில் ஜவுளிப் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது இதுதான்.

"முழுங்குச்சுங்களா, துப்பிருச்சுங்களா?"

"முழுங்கிட்டாளுங்க. தூங்கறா" என்றேன்.

"அப்ப சரி. எங்கூட்ல ஒண்ணு இருக்குது, மாத்திரைன்னா உடனே துப்பிரும்" என்று சிரித்தார். இட்லிப் பொட்டலத்தை வற்புறுத்தித்தான் கையில் திணிக்க வேண்டியிருந்தது. பேர் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள் கரூர் பஸ் வந்து, அவர் ஏறிக்கொண்டார்.

பஸ் நகர்ந்த பிறகு பூக்காரம்மா சொன்னார், "நீங்க ஊட்டுக்குப் போனதும் கரூர் வண்டி ஒண்ணு வந்து நின்னுதுங்க. ஏறச் சொன்னேன். புள்ளை முழுங்குச்சான்னு கேட்டுட்டுப் போறேன்னு நின்னுட்டாருங்க."

மகளுக்கு ஏழெட்டு வயதில் வலிப்பு நின்றுவிட்டது. டாக்டரே மாத்திரையை நிறுத்தினார். இப்போது அவளுக்குக் கோயமுத்தூரில் சொந்தக் குடும்பம். போனில் மருந்துக்குச் சொல்லிவிட்டு, கொண்டுவருகிறவர் எந்தச் சந்து திரும்புகிறார் என்பதுவரை போனிலேயே வரைபடத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சாயங்காலம் என்னிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருப்பேன்! ஆனாலும், யாரோ ஒருத்தியின் பிள்ளை மாத்திரையை முழுங்கிவிட்டது என்று காதால் கேட்ட பிறகுதான் பஸ் ஏறுவேன் என்று நின்ற அந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம், உலகத்தில் எனக்குத் தெரியாமலே எனக்கு இன்னும் எத்தனை சொந்தங்கள் இருக்கிறார்களோ என்று தோன்றிவிடுகிறது.