அரைவரம்

ஆஸ்பத்திரிப் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிற அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு பெயர் உண்டு: அரைவரம். அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து அவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் வீரர்களாகவும் சூனியக்காரிகளாகவும் அதற்குள் புகுந்து பகடை உருட்டி விளையாடுவார்கள். பூதத்தைக் கொன்றால் மந்திரப் பொருள் கிடைக்கும். ஆனால் அவன் கொடுக்கிற மந்திரம் வேண்டுமென்றே நோஞ்சானாக இருக்கும். எதிரி ஓடிப்போன பிறகு மின்னும் வாள். அடி விழுந்தால் "ஐயோ" என்று மட்டும் கத்தும் கேடயம். சுண்டுவிரலை மட்டும் சூடாக்கும் மோதிரம்.

"கொஞ்சம் தாராளமா குடுத்தா உன் கஜானா காலியாயிடுமா?" என்று கூட விளையாடும் மருந்துக்கடைக்காரி தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்காவின் கணவர் மட்டும் குறை சொன்னதில்லை. கிரேன் ஓட்டுகிறவர். மோதிரம் அவர் கைக்குத்தான் போனது. பனியில் இறுகிக் கிடந்த சிறைப்பூட்டின் துவாரத்தில் சுண்டுவிரலை நுழைத்து, பனியை உருக்கி, எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். அன்று போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார்.

"எல்லாத்தையும் மந்திரமே செஞ்சுட்டா அப்புறம் நான் எதுக்கு மாப்ள?" என்றார்.

அவருக்குத் தொடையெலும்பில் புற்றுநோய் வந்தது. முழங்காலுக்கு மேலே காலை எடுத்தார்கள். மிச்சமிருந்த தொடையில் பிளாஸ்டர் துணி சுற்றி இவனே அச்செடுத்தான்.

"உயரமா செஞ்சுடாத. உங்கக்கா அண்ணாந்து பாத்தே கழுத்து சுளுக்கிக்குவா."

விளையாட்டிலும் தன் வீரனுக்கு ஒரு காலை எடுத்துவிடச் சொன்னார். வீரன் ஈட்டியை ஊன்றி நொண்டிக்கொண்டே பூதங்களை விரட்டினான்.

அச்சு காய்வதற்குள் அறுவை சிகிச்சை டாக்டர் பட்டறை வாசலில் வந்து நின்றார். "அந்தக் காலை நிறுத்திடுங்க. ரெண்டு நுரையீரலுக்கும் பரவிடுச்சு. மாட்டி நடந்து பழகுற அளவுக்கு அவருக்கு நாள் இல்ல."

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட மூச்சு விடாதடா. உடைஞ்சு போயிடுவாரு."

காலில் பொருத்த வேண்டிய பாதம் இன்னும் வந்து சேரவில்லை என்று அவன் மாமாவிடம் சாக்குச் சொன்னான்.

அடுத்த ஞாயிறு குகைக்குள் ஒரு பெட்டி இருந்தது. ஒருபோதும் நனையாத ஒற்றைச் செருப்பைத்தான் அதில் வைத்திருந்தான். எதிரே மாமாவின் காலர் எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டிருந்தது. வாய் தானாக வேறொன்றைச் சொல்லிவிட்டது.

"உள்ள ஒரு குப்பி இருக்கு. குடிச்சா கால் முளைக்கும். எந்த நோயும் திரும்பி வராது."

மருந்துக்கடைக்காரி கைதட்டினாள். மாமா பகடையைத் தொடவில்லை.

"இதுல என்ன ஓட்டை?"

"ஓட்டை ஒண்ணும் இல்ல மாமா."

"கொஞ்ச நேரத்துல போயிடுமா?"

"போகாது."

அவர் அவன் முகத்தையே பார்த்தார். "நீ முழுசா ஒண்ணைத் தூக்கிக் குடுக்குற ஆளு இல்லையே. டாக்டர் என்ன சொன்னாரு?"

"டேய்!" என்றாள் அக்கா.

அவனால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியவில்லை. "பரவிடுச்சு மாமா. கால் செய்யறத நிறுத்தச் சொல்லிட்டாங்க."

அக்கா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அவளுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"சிரிச்சுக்கிட்டே இருந்தாளே!" ஊன்றுகோல்களைக் கக்கத்தில் கொடுத்து எழுந்தார். சமையலறைக் கதவில் நெற்றியை வைத்து, "திற. இனிமே நீ நடிக்க வேணாம்" என்றார். கதவு திறந்தது. உள்ளே இரண்டு பேரும் வாய்விட்டு அழுத சத்தம் கேட்டு, மருந்துக்கடைக்காரி வரைபடத்தை மடித்தாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் இறந்தார். கடைசி நாட்களில் அக்காவை விட்டு நகரவே இல்லை. இரண்டு பேரும் பேசித் தீர்த்தார்கள். ஆனாலும் அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் அக்கா சொன்னாள்: "நீ உளறாம இருந்திருந்தா, கால் வரும் கால் வரும்னு நினைச்சுக்கிட்டே போயிருப்பாரு."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சில மாதங்கள் கழித்து மருந்துக்கடைக்காரி தன் வீட்டில் மேசை போடலாம் என்று கூப்பிட்டாள். அவன் வர மாட்டேன் என்றான்.

"ஏன், கதை வறண்டு போச்சா?"

"கதை இருக்கு. இனிமே பெட்டியத் திறக்கிறப்பல்லாம் நீங்க என் முகத்தைத்தான் பாப்பீங்க."