கண்ணாடி ஏறாத கார்

பருத்தி யாவாரி குருநாதன், கார்ப் பட்டறை தங்கப்பழத்துக்கு நூற்றிருபது ரூபாய் கடன்பட்டிருந்தார். சங்கரன்கோவிலில் சொந்த மில் வைத்திருக்கிற மனுசனுக்கு அது வெற்றிலைக் காசு. ஆனாலும் ஆடித்தபசு போய் ஐப்பசி மழையும் பிடித்தாச்சு, காசு மட்டும் மடியை விட்டு இறங்கவில்லை.

அவருடைய அரதப்பழசான பிளஷர் காரில் பின்கதவுக் கண்ணாடிகள் கீறல் விழுந்து, பீளை தள்ளின கண் மாதிரி கிடந்தன. தங்கப்பழந்தான் புதுசு வாங்கி மாட்டினார். மூணாங்கிளாஸ் தாண்டாதவர், யார் தயவும் இல்லாமல் பட்டறை போட்டவர். அவர் மாட்டின கண்ணாடி ஒரு விரலால் சுற்றினாலே ஏறும். கூலி கேட்டால் குருநாதன், “நான் என்ன ஊரை விட்டா ஓடப்போறேன்?” என்பார். பேச்சு மட்டும் ஜமீன்.

அன்றைக்குக் கதவு ரப்பரில் தண்ணீர் ஒழுகுகிறதென்று கார் மறுபடி பட்டறைக்கு வந்தது. தங்கப்பழம் ரப்பரை மாற்றினார். பிறகு இரண்டு கண்ணாடியையும் அடிவரை இறக்கிவிட்டு, சுற்றுகிற கைப்பிடிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடி இல்லாமல் கண்ணாடி ஏறாது.

குருநாதன் பட்டுவேட்டியோடு வந்தார். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களை ஸ்டேஷனிலிருந்து கூட்டி வரணும். தூறல் பின்சீட்டை நனைத்தது.

“ஏலே, கைப்பிடி எங்கலே?”

“என் பையில இருக்கு அண்ணாச்சி. சம்பந்தக்காரங்க நனைஞ்சா குளிர்ச்சியாத்தான இருக்கும், கூட்டிட்டு வாங்க.”

“திமிராலே ஒனக்கு?”

“ஒழைச்ச திமிரு அண்ணாச்சி. ஓசியில வந்ததில்ல.”

ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதியது. குருநாதன் மடியை அவிழ்த்தார். தங்கப்பழம் கிரீஸ் கையைத் துடைக்கவேயில்லை. அப்படியே விரித்து நீட்டினார். அதில் பத்து ரூபாய் நோட்டுகளாக, ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார் அந்த மில் முதலாளி.