சில்லென்ற கை

அவளை நாங்கள் ஃபிரிட்ஜ் என்றுதான் கூப்பிடுவோம். கை அப்படி. மண்டை பிளக்கிற வெயிலில் நடந்து வந்தாலும் விரல் நுனி சில்லென்று இருக்கும். அவளைக் கட்டிக்கொண்ட மகராசன், "பக்கத்துல படுத்தா பொணத்தோட படுத்த மாதிரி இருக்கு" என்று சொல்லி அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போனான். நாசமாய்ப் போகிறவன்.

அண்ணனுக்குக் கேக் கடை. நான் அங்கே அடுப்புக்காரி. என் கை பட்டால் சாக்லேட் குழம்பாகிவிடும், அதனால் கேக் சுடுவதோடு என் வேலை சரி. கடையை ஆள்வது அண்ணி. அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து தலையாட்டுவார். வந்தவளைத் தண்டச்சோறு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த அண்ணி, ஒருநாள் அவள் சாக்லேட் கட்டி எடுத்துக் கொடுத்ததைக் கவனித்தாள். விரல் பட்ட இடத்தில் தடமே இல்லை. அன்றோடு பேச்சே மாறிப்போனது. "எங்க வீட்டுத் தங்கம்" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

தங்கத்தை ஏசி அறையில் பூட்டினார்கள். கேக்கின்மேல் நிற்கிற குதிரை, அன்னம், குழந்தையின் ஷூ எல்லாம் அவள் கைவேலை. அச்சில் இரண்டு பாதியாக வார்த்து, ஓரத்தைச் சூடான தட்டில் லேசாகத் தொட்டு ஒட்டவேண்டும். கையில் சூடு இருந்தால் பளபளப்புப் போய் ரேகை விழுந்துவிடும். கையுறை போட்டாலும் சூடு இறங்கும். அவள் வெறுங்கையால் ரோஜா இதழ் கிள்ளுவாள். குதிரைக்கு மூக்குத் துவாரம்கூட விடைத்துக்கொண்டு நிற்கும்.

அவளுக்கென்று இருந்தது மாவு மூட்டைகளுக்குப் பக்கத்து அறை ஒன்றுதான். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். அது போனால் தெரு.

போகப் போக அவள் முகம் ஊதியது. குரல் தடித்தது. நின்றபடியே தூங்கி வழிந்தாள். "சோம்பேறி" என்றாள் அண்ணி. நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தைராய்டு என்றார் டாக்டர். ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை.

"கை சில்லுனு இருக்கறதும் அதனாலதாம்மா. சரியாயிடும்."

வெளியே வந்ததும் என்னைக் கேட்டாள்: "அப்போ அது வெறும் நோயா? நான் பொணம் இல்லையா?"

"போடி பைத்தியக்காரி" என்று திட்டினேன்.

மாத்திரை வேலை செய்தது. முகம் வற்றியது, படியேறினாள், என் அடுப்புக்கு வந்து வாயடித்தாள். கையும் மனுஷக் கையாயிற்று. அதுதான் வினையாகப் போனது. ஒரு குதிரையின் முதுகை அண்ணி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இது என்ன, போலீஸ் ஸ்டேஷன்ல ரேகை வச்ச மாதிரி?"

கடையில் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கை கெட்டுப்போச்சாம்! நோய் தீர்ந்தவளைப் பார்த்து இப்படிச் சொல்கிற கூட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதைவிடக் கொடுமை, அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி வேலை செய்தாள். விரலிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உருகிய சாக்லேட்டில் விழ, சட்டி முழுக்கத் திரிதிரியாய்க் கட்டிப்போனது.

அண்ணி கத்தவில்லை. தேனொழுகப் பேசினாள். "மாத்திரை எங்க ஓடிப்போகுது? கல்யாண சீசன் முடியட்டும், சாப்பிடு. இல்லேன்னா வேற பொண்ணைத்தான் வைக்கணும். வர்றவளுக்குத் தங்க ரூமும் வேணுமில்ல?" மாத்திரையை வாங்கித் தன் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

"நீங்கல்லாம் சோறுதான் திங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் அடுப்பைப் பாரு" என்றாள்.

ஃபிரிட்ஜ் என்னைத் தனியே கூப்பிட்டாள். "விடு. சீசன் முடிஞ்சதும் சாப்பிடறேன்."

கை மறுபடி சில்லிட்டது. கடையே கொண்டாடியது. ஒரு கல்யாண கேக்குக்கு ராட்டினம் செய்தாள், சுற்றிலும் குதிரைகள். வந்தவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். செய்தவள் ஏசி அறைத் தரையில் விழுந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்று தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள், பாவிகள்.

ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்து, ஒருவழியாகக் கண் திறந்தாள். டாக்டர் கொதித்தார். "மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது?"

அண்ணி கண்ணைத் துடைத்தபடி நின்றாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. நான் வாயைத் திறந்தேன். ஃபிரிட்ஜ் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

"நானேதான் டாக்டர். மறந்துட்டேன்."

"தினம் ஞாபகப்படுத்துவேன் டாக்டர், காதுலயே வாங்க மாட்டா" என்றாள் அண்ணி, கூசாமல்.

அவர்கள் போனதும் அவளை உலுக்கினேன். "ஏண்டி பொய் சொன்னே?"

"அந்த ரூம் இல்லேன்னா எங்க போவேன், நீயே சொல்லு."

நானே என் மகள் வீட்டுக் கூடத்தில் படுக்கிறவள்.

வீட்டுக்கு அனுப்பியதும் நான்தான் கூட்டி வந்தேன். அவள் கட்டிலில் வேறொரு பெண் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கல்லாவுக்குப் போய் அண்ணன் முன்னால் நின்றாள். அவர் நிமிராமலே சொன்னார்:

"உயிர் காக்கிற மாத்திரையையே மறக்கறவ, நாளைக்கு கேஸை மூட மறந்தா? கடையில இத்தனை பேர் இருக்கோம். டாக்டர்கிட்ட நீயே ஒத்துக்கிட்டதுதானே."

"நான் மறக்கலண்ணே." குரல் எழும்பவில்லை. "அண்ணிதான் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். "அப்போ அங்க பொய்யா சொன்னே? பொய் சொல்றவளை எப்படிம்மா வீட்டுல வச்சுக்கறது?"