கயிற்றுக்கு உள்ளே

தொண்ணூறுகளில் கடலோரத்து அணு ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் எனக்கு எழுத்தர் வேலை. அணுவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களை அடுக்கிவைப்பேன், அவ்வளவுதான். இருந்தும் விபத்து ஒத்திகையில் கதிர்வீச்சு பட்டவன் வேடத்துக்கு என்னைத்தான் பிடித்தார்கள். எதிர்த்துப் பேசமாட்டேன் என்று ஊருக்கே தெரியும்.

அன்று சாயங்காலம் கடப்பாக்கத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடாகியிருந்தது. முன்மண்டை வழுக்கையான பிறகு, தானாகத் தேடிவந்த ஒரே வரன். மத்தியானமே விட்டுவிடுவோம் என்று அதிகாரி சொன்னார். மகராசன், நானும் நம்பினேன்.

செய்யூர்ப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில் கயிறு கட்டி, என்னையும் மீனவக் குப்பத்து ஆட்களையும் உள்ளே உட்காரவைத்தார்கள். நிறமோ வாசனையோ இல்லாத, அன்றைக்கு வரவே வராத ஒன்று எங்கள் மேல் படிந்திருப்பதாகக் கணக்கு. ஒருவர் தலைமுதல் கால்வரை கதிர்வீச்சு அளக்கும் கருவியைக் காட்டினார். அது வாயே திறக்கவில்லை. ஆனாலும் என் சட்டையில் சிவப்பு அட்டையைக் குத்தினார். மேலிடத்து உத்தரவு வரும்வரை கயிற்றைத் தாண்டக் கூடாதாம்.

புளிசாதம் தின்று முடித்ததும் குப்பத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கயிற்றுக்கு அடியில் குனிந்து கிளம்பினார்கள். "அண்ணாத்த, நீ வர்ல?" என்றார் ஒருவர். உத்தரவு வரட்டும் என்றேன். அதிகாரியும் டீ குடிக்க ஜீப்பில் போனவர் போனவர்தான். பெண் வீட்டுக்கு மட்டும் கிளம்பிய குப்பத்துக்காரர் ஒருவர் மூலம் தகவல் சொல்லியனுப்பினேன்.

பொழுது சாயும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பெண்ணின் அப்பா. பின்னால் பெண். நானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டாளாம். பெண் பார்க்க வேண்டியவன் மைதானத்தில் தன்னந்தனியாக, அட்டையோடு உட்கார்ந்திருந்தேன்.

"இதத் தாண்டினா இன்னா ஆவும்?" என்று கயிற்றைக் காட்டிக் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாதுங்க. சும்மா ஒத்திகைதான்."

"அப்ப ஏன் குந்திகினு கீறீங்க?"

"உத்தரவு வரலியே."

அவள் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சிரிப்பில் எனக்கு அவளை அப்படிப் பிடித்துப்போனது. பிறகு அப்பாவிடம் திரும்பி, "வேணாம்பா. இவுரு சோறு துன்றதுக்கே மேல கேட்டுட்டு வருவாரு" என்றாள்.

ஸ்கூட்டர் கிளம்பியது. துள்ளி எழுந்து அதன் பின்னால் ஓடினேன். கயிறு வரைக்கும் ஓடினேன்.